கொடிக்கு ஊட்டாதீர்கள், வேருக்கு இடம் கொடுங்கள்

வீட்டுத் தோட்டத்தில் சர்க்கரைவள்ளி போடுபவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். கொடி பாத்தியைத் தாண்டி நடைபாதை வரை ஓடியிருக்கிறது, தோண்டிப் பார்த்தால் விரல் பருமனில் நாலைந்து வேர்கள்தான் கிடைக்கின்றன. உரம் போதவில்லை என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த முறை எரு இரட்டிப்பாகிறது, தண்ணீர் தினமும் பாய்கிறது. கொடி இன்னும் தூரம் ஓடுகிறது, கிழங்கு இன்னும் மெலிகிறது. கத்தரி, வெண்டை, தக்காளி வளர்த்துப் பழகிய கைக்குச் செழித்த செடி என்றால் நல்ல காய்ப்பு என்று தோன்றுவது இயல்பு. சர்க்கரைவள்ளியில் அந்தக் கணக்கு பொய்த்துப்போகிறது. இந்தப் பயிரை அளவுக்கு மீறி ஊட்டுவதால் கெடுப்பவர்களே அதிகம். முதல் நாற்பது நாளில் வேருக்குக் காற்றோட்டமான மண்ணும், கொடிக்கு அளவான தீனியும் கிடைத்துவிட்டால் மீதியைப் பயிர் தானே பார்த்துக்கொள்ளும். நிலம் தேர்வது முதல் கிழங்கைச் சேமிப்பது வரை இந்த அத்தியாயத்தில் வரும் வேலைகள் எல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்தே கிளைக்கின்றன.

மண்ணுக்குள் நடப்பது

உருளைக்கிழங்கு தண்டின் பருத்த பகுதி. சர்க்கரைவள்ளியோ சத்தைச் சேமித்து வைக்கும் வேர். நட்ட கொடித் துண்டின் கணுக்களிலிருந்து சில நாட்களிலேயே வேர்கள் கிளம்பும். அப்போது எந்த வேர் கிழங்காகும், எந்த வேர் வெறும் வேராகவே நிற்கும் என்பது தீர்மானமாகியிருக்காது. அடுத்த நாலைந்து வாரங்களில் அந்தத் தீர்மானம் நடக்கிறது. மண் பொலபொலப்பாக, ஈரமும் காற்றும் சமமாக இருந்தால் வேரின் உள்ளடுக்கில் செல்கள் பெருகி மாவுச்சத்து சேரத் தொடங்கும். மண் இறுகியோ தண்ணீர் தேங்கியோ இருந்தால் வேருக்குப் பிராணவாயு எட்டாது. உள்ளே நார் படிந்து அது மரத்துப்போகும். மரத்துப்போன வேர் பின்னால் எத்தனை உரம் போட்டாலும் பருக்காது. பென்சில் பருமனில் கிடைக்கும் அந்த வேர்கள் முதல் மாதத்திலேயே வாய்ப்பை இழந்தவை. ஆகவே அறுபதாம் நாள் கொடியைப் பார்த்துக் கவலைப்பட்டு உரம் வைப்பது காலம் கடந்த வைத்தியம். அதன் பலன் இலைக்குத்தான் போகும்.

தழைச்சத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. தழைச்சத்து மிகும்போது செடி தான் தயாரிக்கும் சர்க்கரையைப் புதுத் தளிருக்கும் தண்டுக்குமே செலவழிக்கிறது, கிழங்கு பிடிப்பது தள்ளிப்போகிறது. சாம்பல் சத்து இலையில் உண்டான சர்க்கரையைக் கிழங்குக்குக் கொண்டுசேர்க்க உதவுகிறது. கிழங்குப் பயிர்களுக்கான உரப் பரிந்துரைகளில் சாம்பல் சத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இதுவே. மேலும், சர்க்கரைவள்ளியின் தண்டிலும் வேரிலும் வாழும் சில பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தருவதை ஆய்வுகள் கண்டறிந்திருக்கின்றன. மெலிந்த மணற்பாங்கான நிலத்திலும் இந்தப் பயிர் தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கீரைக்குத் தயாரித்த செழிப்பான பாத்தியில் இதை நட்டால் தேவைக்கு மேல் தீனி கிடைத்து இலையாகவே நின்றுவிடும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மாவுச்சத்து இலையில்தானே உண்டாகிறது, இலை குறைந்தால் கிழங்கு எங்கிருந்து வரும்? உண்மைதான். பட்டினி போட்ட செடியும் கிழங்கு தராது. நிலத்தை மூடும் அளவுக்கு இலைப் பரப்பு விரைவில் வந்துவிட வேண்டும். அதன் பிறகு அது மேலும் மேலும் ஓடுவதில் லாபமில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இலைகளில் கீழே இருப்பவற்றுக்கு வெயில் படுவதில்லை. இன்னொரு மறுப்பு, இயற்கை எரு எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்பது. பச்சைச் சாணம், கோழி எரு, கடலைப் பிண்ணாக்கு ஆகிய மூன்றிலும் விரைவாகக் கரையும் தழைச்சத்து உண்டு. அது மூட்டையிலிருந்து வந்ததா தொழுவத்திலிருந்து வந்ததா என்று வேர் பார்ப்பதில்லை. ஒரு சதுர மீட்டருக்கு நன்கு மக்கிய தொழு உரம் 1 முதல் 2 கிலோ, அதுவும் நடவுக்கு முன்னால் மண்ணோடு கலந்துவிட்டால் போதும். சாம்பல் சத்துக்கு விறகுச் சாம்பல் ஒரு கைப்பிடி தூவலாம். சாம்பல் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், இந்தப் பயிருக்கோ கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருப்பது உகந்தது. ஏற்கெனவே உப்புப் பூத்த மண்ணில் சாம்பலைத் தவிர்த்துவிடுங்கள்.

பார் கட்டுவது ஏன்

மணல் கலந்த செம்மண் இதற்குத் தோதான நிலம். களிமண்ணிலும் கரிசலிலும் முடியாது என்பதில்லை, ஆனால் அங்கே வேலை கூடும். எந்த மண்ணானாலும் சமதளத்தில் நடாமல் 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்குப் பார் கட்டி நடுவது நல்லது. பாரில் மண் தளர்வாகக் கிடக்கும், மழைத் தண்ணீர் இரு பக்கமும் வடியும், தோண்டும்போது கிழங்கு காயப்படாது. பார்களுக்கிடையே 60 செ.மீ., பாரின் மேல் செடிக்குச் செடி 20 செ.மீ. என்பது வயலில் பின்பற்றும் இடைவெளி. அதே அளவு வீட்டுக்கும் பொருந்தும். நல்ல வயலில் ஹெக்டேருக்கு 20 டன் என்றால் சதுர மீட்டருக்கு 2 கிலோ. ஆக, 4 சதுர மீட்டர் பாத்தியில் முப்பதுக்குச் சற்றுக் கூடுதலான செடிகளும் ஏறக்குறைய 8 கிலோ கிழங்கும் எதிர்பார்க்கலாம். பார் சீக்கிரம் காய்ந்துவிடும் என்ற அச்சம் தவறானதல்ல. அதற்காகப் பாரைத் தட்டையாக்கக் கூடாது, காய்ந்த சருகாலோ வைக்கோலாலோ மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும். கொடி படர்ந்து நிலத்தை மூடிய பிறகு மூடாக்கின் தேவையும் குறைந்துவிடும்.

வெயிலுக்கு மாற்று எதுவும் இல்லை. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழாத இடத்தில் கொடி ஓடும், கிழங்கு வைக்காது. தென்னை, மா நிழலிலும் மதிற்சுவர் ஓரத்திலும் மிஞ்சிய இடத்தை இதற்கு ஒதுக்குவது வழக்கமாக இருக்கிறது, ஏமாற்றத்தில் பாதி அங்கேயே தொடங்குகிறது. தரையில் வெயில் இல்லாதவர்கள் மாடிக்குப் போகலாம். பையில் வளர்க்கும்போது ஆழத்தைவிட அகலம் முக்கியம். 15 அங்குல அகலமுள்ள பையில் ஒரு துண்டு, 24 அங்குலப் பையில் இரண்டு போதும். நெருக்கி நட்டால் எல்லாமே வேராக நிற்கும். செம்மண், மணல், மக்கிய தென்னைநார்க் கழிவு, தொழு உரம் ஆகியவற்றைக் கலக்கும்போது தொழு உரம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பையின் அடியில் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடிப் பையில் கிழங்கு அழுகுவதற்கு வெயிலைவிட வடிகால் இல்லாததே பெரிய காரணம்.

துண்டு, நடவு, பருவம்

கடையில் வாங்கிய கிழங்கை அப்படியே புதைத்தாலும் முளைக்கும். ஆனால் பல ரகங்களில் புதைத்த தாய்க்கிழங்கே பருத்து நாரோடிப் போகும், புதுக் கிழங்குகள் குறையும். கிழங்கிலிருந்து தொடங்குவதென்றால் ஈர மணலில் படுக்கவைத்துப் பாதி மூடி, வரும் தளிர்கள் ஒரு சாண் நீளம் வளர்ந்ததும் மண்ணுக்கு மேலே இரண்டு விரல் விட்டு வெட்டி நட வேண்டும். ஏற்கெனவே ஓடும் கொடி கிடைத்தால் இன்னும் எளிது. அதன் நுனிப் பகுதியில் 20 முதல் 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அடித்தண்டு முற்றியது, வேர் விடத் தாமதமாகும், கூன்வண்டின் முட்டையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெட்டிய துண்டுகளைக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஓரிரு நாள் நிழலில் வைத்தால் கணுக்களில் வேர் முனைகள் தெரியும். இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நட்டு, மண்ணை மெல்ல அழுத்திவிட வேண்டும். கிழங்கு பிடிப்பது புதைந்த கணுக்களிலிருந்து என்பதால் ஒரே ஒரு கணுவைப் புதைத்து நேராக நிறுத்துவது விளைச்சலைச் சுருக்கும்.

தமிழ்நாட்டில் ஆடிப்பட்டமும் புரட்டாசிப் பட்டமும் இதற்கு உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு, குறிப்பாகச் சென்னை முதல் நாகப்பட்டினம் வரையான கடலோர மாவட்டங்களுக்கு, ஆவணிக் கடைசி அல்லது புரட்டாசி முதல் வாரம் ஏற்றது என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. செப்டம்பர் நடுவில் நட்டால் மண்ணில் காற்று மிகவும் வேண்டியிருக்கும் முதல் ஐந்து வாரங்கள் பெருமழைக்கு முன்பே கழிந்துவிடும். கிழங்கு பருக்கும் காலத்துக்கு மழை ஈரம் உதவும். ஏறக்குறைய 115 நாளில் பொங்கலுக்கு முன்பே அறுவடைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் மழையும் ஓய்ந்திருக்கும், கூட்டுக்கும் வேகவைப்பதற்கும் கிழங்குக்குத் தேவையும் இருக்கும். ஆடியில் நட்டவர்களுக்குக் கிழங்கு பிடிப்பது நன்றாகவே நடக்கும். ஆனால் தோண்டும் நாள் ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும், ஈர மண்ணில் எடுத்த கிழங்கு தங்காது. ஐப்பசியில் நடுபவர்கள் இளம் வேர்களை நேராக வெள்ளத்தில் விடுகிறார்கள்.

தண்ணீரும் கொடியும்

நட்ட முதல் பத்து நாள் இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விட வேண்டும். வேர் பிடித்த பிறகு வாரம் ஒரு முறை போதும். தண்ணீரை அளவாக விடுவது என்றால் காயப்போடுவது என்று பொருளல்ல. கிழங்கு பிடிக்கும் வாரங்களில் கடும் வறட்சி வந்தாலும் வேர் மரத்துப்போகும். மேல்மண் காய்ந்து, விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே ஈரம் தெரிய வேண்டும், அதுவே சரியான அளவு. அறுவடைக்கு மூன்று வாரத்துக்கு முன் தண்ணீரை நிறுத்திவிடலாம். மண் கெட்டிப்பட்டிருந்தால் தோண்டுவதற்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் லேசாக நனைத்துக்கொள்ளலாம்.

கொடி தரையைத் தொடும் கணுக்களிலெல்லாம் வேர் விடும். அந்த வேர்கள் சிறு கிழங்குகளாக மாறிச் சத்தைப் பிரித்துக்கொள்ளும் என்பதால் கொடியைப் புரட்டிவிடச் சொல்வது வழக்கம். இதில் ஒரு திருத்தம் தேவை. புரட்டினால் விளைச்சல் கூடும் என்பதை எல்லா ஆய்வுகளும் உறுதிப்படுத்தவில்லை. இலைகள் தலைகீழாகக் கிடந்து, தண்டு முறிந்து, விளைச்சல் குறைவதும் உண்டு. ஆகவே வேர் அறும் அளவுக்கு மெல்லத் தூக்கி, இலை மேல்நோக்கி இருக்கும்படி பாரின் மேலேயே திரும்ப விட்டால் போதும். மழைக்காலத்தில் கொடி கண்ட இடத்தில் வேரூன்றும்போது மாதம் ஒரு முறை இதைச் செய்யலாம். கொடி மிகையாக ஓடுகிறது என்று கத்தரியால் வெட்டிக் குறைப்பதும் சரியான வழியல்ல. வெட்டிய இடத்தில் இரண்டு தளிர் வரும், அதற்கும் சேமித்த மாவுச்சத்துதான் செலவாகும்.

இலையைக் கீரையாகச் சமைக்கலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. வள்ளைக்கீரையும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, பிலிப்பைன்ஸிலும் தைவானிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் சர்க்கரைவள்ளித் தளிர் அன்றாடக் கீரை. உருளைக்கிழங்கின் இலையில் இருப்பதைப் போன்ற நச்சு இதில் இல்லை. ஆனால் ஒரே செடியிடம் இரண்டையும் நிறைய எதிர்பார்க்க முடியாது. பாத்தியின் ஓரத்தில் நாலு செடியைக் கீரைக்கென்றே ஒதுக்கி, அவற்றுக்கு மட்டும் எருவும் தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள். மற்றவற்றில் எப்போதாவது ஒரு பிடி நுனி கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூன்வண்டும் எலியும்

இந்தப் பயிரின் முதல் எதிரி கூன்வண்டு. எறும்பைப் போல ஒல்லியாக, நீலக்கருப்பும் சிவப்புமாக இருக்கும். அடித்தண்டிலும் வெளியே தெரியும் கிழங்கிலும் முட்டையிடும், புழு உள்ளே குடையும். குடைந்த கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பான பொருட்களைச் சுரக்கிறது. அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாது. சிறிய துளைதானே என்று வெட்டிப் பயன்படுத்தவும் முடிவதில்லை. இதற்கு மருந்து தெளிப்பதைவிட மண்ணை அணைப்பது பலன் தரும். வண்டுக்கு மண்ணைத் தோண்டும் திறன் இல்லை, வெடிப்புகள் வழியாகவே கிழங்கை அடைகிறது. கிழங்கு பருக்கும்போது பார் வெடிக்கும், ஆகவே முப்பதாம் நாளிலும் அறுபதாம் நாளிலும் களை கொத்தி மண் அணைக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி ஆண் வண்டுகளை மட்டுமே பிடிக்கும். அது துணைதான், அதை நம்பி மண் அணைப்பதை விட்டுவிடக் கூடாது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து நடாமல் இடையில் பயறு, வெண்டை என்று மாற்றுவதும், அறுவடைக்குப் பின் உடைந்த கிழங்கையும் பழைய தண்டையும் மண்ணில் விடாமல் பொறுக்குவதும் இதே வேலையின் பகுதிகள். எலிக்கும் பெருச்சாளிக்கும் அடர்ந்த கொடி நல்ல மறைவிடம். கொடியை அடக்கமாக வைத்திருப்பவர்களுக்கு வளை கண்ணில் படும், காலத்தே அடைக்கவும் முடியும்.

தோண்டுவதும் தங்கவைப்பதும்

ரகத்தைப் பொறுத்து 90 முதல் 120 நாளில் கிழங்கு முற்றும். கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் ஒரு கிழங்கை எடுத்து வெட்டிப் பார்க்கலாம். வெட்டிய பரப்பு தெளிவாகக் காய்ந்தால் முற்றிவிட்டது, கருப்பச்சையாக மாறினால் இன்னும் பொறுக்க வேண்டும். பொறுத்தால் இன்னும் பருக்கும் என்று வாரக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தவறு, நார் கூடும், கூன்வண்டுக்கும் கூடுதல் காலம் கிடைக்கும். கொடியை முதலில் அறுத்துவிட்டு, செடியிலிருந்து ஓர் அடி தள்ளி மண்வெட்டியைப் போடுங்கள். தோல் மெல்லியது, உரசினாலே உரியும். எடுத்த கிழங்கைக் கழுவாமல், வெயிலில் போடாமல், காற்றோட்டமுள்ள வெதுவெதுப்பான நிழலில் ஈரச் சாக்கு மூடி ஒரு வாரம் வையுங்கள். 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும் நிறைந்த ஈரப்பதமும் கிடைத்தால் காயங்களின் மேல் புதுத் தோல் படியும், தங்கும் காலம் கூடும், இனிப்பும் ஏறும். குளிர்பதனப் பெட்டி வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே இருந்தால் உள்ளே கெட்டிப்பட்டு வேகாமல் போகும். சமைக்கும்போதும் அவசரம் வேண்டாம். மெல்லச் சூடேறும்போதுதான் மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றும் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. சுட்ட கிழங்கு வேகவைத்ததைவிட இனிப்பதற்கு இதுவும் காரணம்.

எதை நடுவது, எதற்காக

கடையில் மலிவாகக் கிடைக்கும் கிழங்குக்கு இத்தனை பாடு தேவையா என்று கேட்கலாம். விலையை மட்டும் பார்த்தால் தேவையில்லை. ஆனால் சந்தைக்குப் பெரும்பாலும் வருவது வெள்ளைச் சதைக் கிழங்கு. ஆரஞ்சு நிறச் சதையுள்ள ரகங்களில் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் நிறைந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் அத்தகைய கிழங்குகளைப் பரப்பியதற்காக மரியா ஆண்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோர் 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நமக்கு அருகில், திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஆரஞ்சுச் சதைக்கு பூ சோனா, ஊதாச் சதைக்கு பூ கிருஷ்ணா, குறைந்த நாளில் விளைவதற்கு ஸ்ரீ அருண், ஸ்ரீ பத்ரா என்று பல ரகங்களைத் தந்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ ரகங்களும் உண்டு. சந்தையில் எளிதில் கிடைக்காத இத்தகைய கிழங்கை விளைவிப்பதில்தான் வீட்டுப் பாத்தியின் பயன் இருக்கிறது.

ரகம் எதுவானாலும் அடுத்த பட்டத்துக்கான துண்டைத் தேர்வது தோண்டும் நாளில்தான் தொடங்குகிறது. வழக்கமாக நடப்பது இதற்கு எதிர்மாறு. கொடியை மொத்தமாக அறுத்து ஒதுக்கிவிட்டு, அதில் செழிப்பாகத் தெரிவதை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கிறார்கள். பல ஆண்டுகள் இப்படிச் செய்தால் கிழங்கு வைக்காமல் இலையாக ஓடும் செடிகளே தோட்டத்தில் பெருகும். ஐந்தாறு செடிகளை மட்டும் கொடியை அறுக்காமல், தனித்தனியாகத் தோண்டுங்கள். இலை சுருங்காமல், திட்டுத் திட்டாக வெளிறாமல் இருக்கும் செடிகளில் எது அதிக எடையும் நல்ல வடிவமும் உள்ள கிழங்கைத் தந்ததோ அதன் நுனிகளை வெட்டி, ஒரு பையிலோ பாத்தி மூலையிலோ நட்டு ஆவணி வரை காப்பாற்றி வையுங்கள். இலைச் சுருக்கமும் வெளிறலும் நச்சுயிரி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம், அந்த நோய் துண்டின் வழியே அடுத்த பயிருக்கும் போகும். மூன்று நான்கு பட்டங்கள் தொடர்ந்து இப்படித் தேர்ந்தால் நோய் ஒதுங்கிய, நன்றாகக் கிழங்கு வைக்கும் கொடிகளே உங்கள் தோட்டத்தில் நிலைக்கும். எரு மூட்டைக்குச் செலவழிக்க நினைத்த பணமும் மிச்சமாகும்.